இருபது பார்சல்களுக்கு ஒரு வரிசை

கிடங்கிலிருந்து ஒரு வேன் புறப்படுகிறது. உள்ளே இருபது பார்சல்கள், போக வேண்டியது இருபது வீடுகள். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எந்த வீட்டுக்குக் கடைசியில் போவது? சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிகிறது. சரக்குப் போக்குவரத்து ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வீட்டை 20 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம், அடுத்ததை 19 விதமாக, அதற்கடுத்ததை 18 விதமாக. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால் 19 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வரும். விநாடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் கணினியிடம் கொடுத்தாலும் முடிக்க 77 ஆண்டுகள் ஆகும். வீடுகள் 25 ஆனால் 49 கோடி ஆண்டுகள்! ஒரு வேன் ஒரே நாளில் நூறு வீடுகளுக்கு மேல் போய் வருவதும் உண்டு. எல்லா வரிசைகளையும் எண்ணிப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

பெட்ரோல் லாரிகளை நிலையங்களுக்கு எப்படிப் பிரித்து அனுப்புவது என்று 1959-இல் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் எழுதிய கட்டுரையில்தான் இந்தக் கேள்வி கணித வடிவம் பெற்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து கிளார்க், ரைட் இருவரும் சொன்ன வழி இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வேன் போய்த் திரும்புவதாக முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கிலிருந்து ஒரு வீடு 8 கிலோமீட்டர், இன்னொன்று 9 கிலோமீட்டர். தனித்தனியே போய் வந்தால் 16-ம் 18-ம் சேர்ந்து 34. இரண்டு வீடுகளுக்கும் இடையே 3 கிலோமீட்டர்தான் என்றால், ஒரே வேன் 8, 3, 9 என்று 20 கிலோமீட்டரில் வேலையை முடித்துவிடும். மிச்சம் 14. எந்த இரண்டு வீடுகளைச் சேர்த்தால் மிச்சம் அதிகமோ அவற்றை முதலில் சேர்க்க வேண்டும், பிறகு அடுத்ததை, வேன் நிரம்பும் வரை. கிடங்குக்குத் தொலைவிலும் ஒன்றுக்கொன்று பக்கத்திலும் இருக்கும் வீடுகள் தாமாகவே ஒரே வேனில் வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் வழி நல்ல தொடக்கம் மட்டுமே. அதைச் செப்பனிட இன்னோர் உத்தி உண்டு. ஒரு தாளில் வீடுகளைப் புள்ளிகளாக வைத்து, வேன் போகும் வழியைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். எங்காவது இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அந்த வழியை நிச்சயமாகச் சுருக்கலாம். வேன் அ-விலிருந்து ஆ-வுக்குப் போகிறது, பிறகு வேறு சில வீடுகளைப் பார்த்துவிட்டு இ-யிலிருந்து ஈ-க்குப் போகிறது, இந்த இரு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அ-விலிருந்து நேரே இ-க்குப் போய், இடையில் உள்ள வீடுகளைத் தலைகீழ் வரிசையில் முடித்து, ஆ-விலிருந்து ஈ-க்குப் போகட்டும். முக்கோணத்தில் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது என்று பள்ளியில் படித்தோமே, அதுவே இங்கு நிரூபணம். சிக்கலை ஒவ்வொன்றாக அவிழ்க்க அவிழ்க்க வழி சுருங்கிக்கொண்டே வரும். இதே யோசனையை 1973-இல் ஷென் லின்னும் பிரையன் கெர்னிகனும் வெகுதூரம் வளர்த்தார்கள். அதை இன்னும் கூர்மையாக்கி, டென்மார்க்கின் கெல்ட் ஹெல்ஸ்கான் எழுதிய நிரல் இன்று ஆய்வாளர்கள் விரும்பி எடுக்கும் கருவி.

ஒரே பயணி எல்லா நகரங்களுக்கும் ஒருமுறை போய்த் திரும்பும் மிகக் குறுகிய வழியைத் தேடும் கணக்கில் 1954-இல் 49 நகரங்களுக்குத்தான் மிகச் சிறந்த விடையை நிரூபிக்க முடிந்தது. 2006-இல் 85,900 புள்ளிகளுக்கு நிரூபித்துவிட்டார்கள். அப்படியானால் பார்சல் கணக்கு முடிந்துவிட்டதா?

இல்லை. தாளில் இருக்கும் புள்ளி வேறு, தெருவில் இருக்கும் வீடு வேறு. வேனை எங்கே நிறுத்துவது, எந்தக் கட்டடத்தில் லிப்ட் தாமதமாக வரும், எந்தச் சாலை காலையில் அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் வரைபடத்தில் இல்லை. ஓட்டுநரின் தலைக்குள் இருக்கின்றன. வேன் கிளம்பிய பிறகும் ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கும் இடங்களில், இப்போதே அனுப்புவதா, அரை மணி பொறுப்பதா என்பது வேறொரு தலைவலி. கணினி போட்டுக் கொடுத்த வரிசையை ஓட்டுநர்கள் மாற்றிக்கொண்டு போவதைப் பிடிவாதம் என்று நினைப்பது பெரிய தவறு. அனுபவம் அங்கே கணக்கைத் திருத்துகிறது.

இதை நேராக எதிர்கொண்ட முயற்சி 2021-இல் நடந்தது. அமேசானும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் போக்குவரத்து ஆய்வு மையமும் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. அமெரிக்காவின் ஐந்து பெருநகரப் பகுதிகளில் ஓட்டுநர்கள் உண்மையில் போன ஆயிரக்கணக்கான வழிகளைப் போட்டியாளர்களிடம் கொடுத்தார்கள். மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. தேர்ந்த ஓட்டுநர் போயிருக்கக்கூடிய வழியைச் சொல்லும் நிரல்தான் வேண்டும் என்றார்கள். முதலிடம் பெற்ற வில்லியம் குக், ஸ்டீபன் ஹெல்ட், ஹெல்ஸ்கான் மூவரும் பழைய தரவுகளைத் துருவி, ஓட்டுநர்களின் பழக்கத்தைக் கண்டெடுத்தார்கள். ஓட்டுநர்கள் ஒரு வட்டாரத்தில் நுழைந்தால் பெரும்பாலும் அதை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகிறார்கள். வட்டாரங்களுக்கு இடையிலும் ஒரு வரிசை இருக்கிறது. இவற்றை விதிகளாக்கி, சிக்கல் அவிழ்க்கும் ஹெல்ஸ்கானின் அந்த நிரலிடம் கொடுத்தார்கள். விதிகளை மீறாமல் எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவுதான் அது சுருக்கியது. அப்படிக் கிடைக்கும் வழியைத் தாளில் வரைந்தால் ஓரிரு கோடுகள் இன்னும் வெட்டிக்கொண்டு நிற்கலாம். ஓட்டுநர் அப்படித்தான் போவார் என்றால் நிரல் அவற்றை அவிழ்க்காமல் விட்டுவிடும்.