வீட்டு பீருக்கு எந்தக் கலன்?

இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, அவ்வளவுதான். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.) நான் இங்கே ஒரு சிறிய மதுவாலையில் வேலை செய்கிறவன். புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: பீரை நொதிக்க வைக்கும் கலன் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா? அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. வாயு வெளியேற வழி இருக்கிறதா? கழுவக் கை உள்ளே போகுமா?

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஏறக்குறைய சம எடையில் உண்டாகின்றன. 5 சதவீத பீர் 20 லிட்டர் என்றால், வாயு மட்டும் சுமார் 400 லிட்டர். இறுக மூடிய கலனில் இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்) பொருத்தினாலும் முதல் சில நாட்களில் நுரை பொங்கி அதை அடைத்துவிடலாம். அதனால்தான் 23 லிட்டர் பீருக்கு 30 லிட்டர் கலன் வாங்கச் சொல்கிறேன். கலன் வைத்திருக்கும் அறையில் காற்றோட்டமும் இருக்கட்டும். மாடிப்படிக்குக் கீழே அடைத்த அலமாரி வேண்டாம்.

கழுவுவதில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். நண்பர் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் பீர் புளித்துப்போனது. ஈஸ்டை மாற்றினார், மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) மாற்றினார், கடைசியில் குழாய்த் தண்ணீரையே சந்தேகப்பட்டார். வாளியைக் கொண்டுவரச் சொன்னேன். பளிச்சென்றுதான் இருந்தது. அடியில் இருந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, அதற்குள் திரும்பும் உருளையைப் பிடுங்கிப் பார்த்தால், இடுக்கில் பழுப்பு நிறக் களிம்பு. மோந்தால் காடி வாடை. வாளிக்குள் ஊற்றிய கிருமிநாசினி அந்த இடத்தைத் தொட்டதே இல்லை. தொட்டிருந்தாலும் பயனில்லை, அழுக்கு போகாமல் கிருமி சாகாது. வெந்நீரில் சோடியம் பெர்கார்பனேட் என்ற அழுக்கு நீக்கும் தூளைக் கரைத்து ஊறவைத்துக் கழுவிய பிறகே கிருமிநாசினிக்கு வேலை. பிரிக்க வராத குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். விலை சில பவுண்டுகள்தான்.

பிளாஸ்டிக் வாளியில் எனக்குக் குறை இல்லை, மென்மையான துணியால் துடைக்கும்வரை. பாத்திரம் தேய்க்கும் நார் பட்டால் கீறல் விழும், கீறலுக்குள் பாக்டீரியா குடியேறும். கீறிய வாளியைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அது பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே சொல்கிறது. உணவுக்கு உகந்தது என்பதற்குக் கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறியைத் தேடுங்கள். ஊறுகாய் இருந்த வாளி வேண்டாம். அந்த வாசனை போகவே போகாது.

கண்ணாடி கீறாது, ஆக்சிஜனை உள்ளே விடாது, உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். எல்லாம் சரி. ஆனால் 23 லிட்டர் நிரம்பிய குடுவை 30 கிலோவை நெருங்கும். ஈரக் கையோடு தூக்கும்போது நழுவினால் உடைந்த விளிம்பு கையின் தசைநாரையே அறுக்கும். வெந்நீரை ஊற்றினால் விரிசல் விடும். கழுத்து குறுகல், கை உள்ளே போகாது. வெளிச்சம் பட்டால் பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு நாற்றம் வரும், ஆகவே போர்வை வேறு போர்த்த வேண்டும். இத்தனை தொல்லையோடு அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துத்தநாகம் பூசிய இரும்பு வாளியும், ஈயம் கலந்த மெருகுள்ள பழைய பீங்கான் ஜாடியும் கூடவே கூடாது. பீர் அமிலத்தன்மை உள்ளது, உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும்.

காசு இருந்தால் எவர்சில்வர். ஆண்டுக்கணக்கில் உழைக்கும், குளோரின் பிளீச்சில் மட்டும் ஊறவைக்காதீர்கள், புள்ளி புள்ளியாக அரிக்கும். கூம்பு அடி உள்ள கலனுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை. எங்களைப் போல டன் கணக்கில் காய்ச்சுபவர்களுக்குத்தான் அடியில் தங்கும் ஈஸ்டைத் திறந்து வெளியேற்றுவது அவசியம். 23 லிட்டர் பீர் இரண்டு வாரம் அந்த ஈஸ்டின் மேலேயே இருந்தாலும் ருசி கெடாது.