சிறுகோள்: வானில் ஒரு பெயர், காற்றில் ஒரு பெயர், மண்ணில் ஒரு பெயர்

2025 பிப்ரவரியில் சில நாட்கள் எங்கு பார்த்தாலும் ஒரு கல்லைப் பற்றிய பேச்சு. முந்தைய டிசம்பர் 27ஆம் தேதி சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கியில் அது முதலில் தென்பட்டது. '2024 ஒய்ஆர்4' என்று பெயரிட்டார்கள். குறுக்கே ஏறத்தாழ 60 மீட்டர். 2032 டிசம்பரில் அது பூமியில் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று தொடங்கிய கணக்கு, பிப்ரவரி நடுவில் மூன்றைத் தாண்டியது. அந்த நாட்களில் நான் படித்த தமிழ்ச் செய்திகளில் அதே கல் ஒரு தலைப்பில் 'விண்கல்', இன்னொன்றில் 'எரிகல்', மற்றொன்றில் 'குறுங்கோள்'. பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் என் அண்ணன் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தப்பா, விண்கல் என்றால் விழுந்த கல்லா, விழப்போகிற கல்லா? பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

பிள்ளைகள் கேட்டது சரியான இடத்தில்தான். விழுந்த கல்லுக்கு ஒரு பெயர், விழுந்துகொண்டிருக்கும் கல்லுக்கு ஒரு பெயர், இன்னும் விழாமல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் கல்லுக்கு ஒரு பெயர் என்று மூன்று சொற்கள் வேண்டும். தமிழில் மூன்றும் இருக்கின்றன. நாம்தான் அவற்றைக் கலந்து போட்டுவிட்டோம்.

சுற்றிக்கொண்டிருக்கும் கல்லுக்குரிய சொல் சிறுகோள். ஆங்கிலத்தில் ஆஸ்டிராய்டு என்பது இதைத்தான்.

'கோள்' பழைய சொல். 'கொள்' என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த பெயர். கெடு என்பது கேடு ஆனதும் சுடு என்பது சூடு ஆனதும் போலத்தான். இலக்கணம் இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்கிறது. கொள்வது, பற்றுவது கோள். 'கிரகம்' என்ற வடசொல்லுக்கும் பற்றுதல் என்பதே அடிப்படை. கிரகணம் அதே வேரில் வந்தது. சங்கப் புலவர்கள் வானத்து ஒளிகளை இரண்டாகப் பிரித்தார்கள்: தம்முள் இடம் மாறாமல் ஒன்றாகவே நகர்பவை நாள்மீன், அவற்றின் நடுவே இடம் மாறித் திரிபவை கோள்மீன். 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று பட்டினப்பாலையில் ஓர் அடி வருகிறது. நாள்மீன்களோடு கலந்து நிற்கும் கோள்மீனைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண் அது. மின்னுவதெல்லாம் அவர்களுக்கு மீன்தான். ஆனால் எந்த மீன் நகர்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டார்கள்.

சிறுகோளைக் கண்டுபிடித்த முறையும் அதுவே. 1801 ஜனவரி 1 இரவு, சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்ற பாதிரியார் விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த இரவுகளில் ஒரு புள்ளி மட்டும் எழுதிய இடத்தில் இல்லை. நாள்மீன் என்று நினைத்தது கோள்மீன் ஆனது. அதற்குச் சீரீஸ் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே பல்லாஸ் என்ற இரண்டாவது பொருளும் கிடைத்தது. இங்கிலாந்தில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் இரண்டையும் தம் பெரிய தொலைநோக்கியில் பார்த்தார். செவ்வாயும் வியாழனும் வட்டத் தட்டாகத் தெரியும் கருவியில், இவை விண்மீனைப் போல வெறும் புள்ளியாகவே நின்றன. ஆகவே 1802இல் 'விண்மீன் போன்றது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அவற்றுக்குச் சூட்டினார். 'ஆஸ்டர்' விண்மீன், 'ஆய்டு' என்னும் பின்னொட்டு 'போன்ற தோற்றமுடையது'. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் சார்லஸ் பர்னி என்ற கிரேக்க மொழி அறிஞர் என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. ஆக, இருநூறு ஆண்டுக்கு முந்தைய கண்ணாடி ஒன்றில் அந்தக் கல் எப்படித் தெரிந்தது என்பதையே அந்தப் பெயர் சொல்கிறது. கல் என்னவென்று சொல்லவில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்தக் கிரேக்கச் சொல்லை அப்படியே தமிழாக்கி 'உடுப்போலி' என்று எழுதுகின்றன. உடு என்றால் விண்மீன். போலி என்றால் போன்றது. மூலத்துக்கு இத்தனை நெருக்கமான தமிழாக்கத்தைப் பார்ப்பது அரிது, சொல்லி முடிக்கும்போது காதுக்கும் இனிமையாக இருக்கிறது. இலக்கணம் படித்தவர்களுக்குப் 'போலி' புதிதல்ல. 'அறம்' என்பது 'அறன்' ஆவது கடைப்போலி. ஆனால் இன்று தெருவில் போலி என்றால் கள்ள நோட்டும் கள்ளச் சான்றிதழும்தான். உடுப்போலி என்று கேட்கும் பிள்ளைக்கு ஏமாற்று விண்மீன் என்று தோன்றிவிடும். அதைவிட, ஹெர்ஷலுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: அது விண்மீன் அல்ல, கோள்களைப் போலவே சூரியனைச் சுற்றும் பாறை. அதனால் சிறுகோள் என்பதே என் தேர்வு. தோற்றத்தை விட்டு இயல்பைச் சொல்கிறது.

'குறுங்கோள்' என்று எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2006இல் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து எடுத்துத் தனி வகையில் வைத்தார்களே, அந்த வகைக்குக் குறுங்கோள் என்ற பெயர் தமிழில் பரவிவிட்டது. சிறுகோள்களில் முதலாவதான சீரீஸும் ஏறத்தாழ 940 கிலோமீட்டர் குறுக்களவோடு அந்த வகையில்தான் சேர்ந்திருக்கிறது. அதை 60 மீட்டர்ப் பாறைக்கும் வைத்தால் இரண்டு சொல்லும் கெடும்.

இனி மற்ற இரண்டு பெயர்கள். சிறுகோளோ அதன் துண்டோ நம் காற்றுக்குள் நுழைந்து ஒளிரும்போது அது எரிமீன். எரிந்து, உடைந்து, மிச்சம் தரையில் கிடந்தால் விண்கல். விண்வீழ்கல் என்று எழுதுவோரும் உண்டு, அது இன்னும் துல்லியம். ஆக என் அண்ணன் மகளுக்கு விடை: விண்கல் விழுந்த கல். விழப்போகிற கல்லை விண்கல் என்பது, வயலில் நிற்கும் நெல்லைச் சோறு என்பது போல.

ஒரே கல் இந்த மூன்று பெயரையும் நம் கண்ணெதிரே தாங்கியது 2008இல். அக்டோபர் 6ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கி நான்கு மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோளைக் கண்டது. கணக்குப் போட்டார்கள்: ஒரு நாள்கூட இல்லை, சூடானின் பாலைவனத்துக்கு மேல் நுழையும். நுழைந்தது. மறுநாள் விடியுமுன் வானில் பெரும் எரிமீனாக வெடித்தது. விழுமுன்னே கண்டறிந்த முதல் கல் அதுதான். டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் பாலையில் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். வெளிர்மணலில் கறுத்துக் கிடந்த துண்டுகள் கையில் எடுக்கும் அளவே இருந்தன. பக்கத்தில் இருந்த ரயில் நிலையத்தின் பெயரால் அவற்றை 'அல்மஹாதா சித்தா' என்கிறார்கள். அரபியில் ஆறாம் நிலையம் என்று பொருள். அக்டோபர் 6இல் சிறுகோள், 7இல் எரிமீன், டிசம்பரில் விண்கல்.

இந்தப் பெயர்ப் பிரிப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், பெயர் மாறும்போது மனிதருக்குக் கிடைக்கும் காலமும் மாறுகிறது. சிறுகோளாக இருக்கும்வரை நமக்கு ஆண்டுகள் இருக்கலாம். தேடலாம், பாதை கணிக்கலாம், தள்ளிவிடவும் முயலலாம். எரிமீன் ஆகிவிட்டால் இருப்பது நொடிகள். 2013 பிப்ரவரி 15 காலை ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, ஏறத்தாழ 20 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள் யாரும் முன்னறியாமல் எரிமீனாயிற்று. சூரியனைப் போல ஓர் ஒளி. என்னவென்று பார்க்க எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். ஒளி முந்தும், அதிர்ச்சி அலை பிந்தும். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து வந்த அலை கண்ணாடிகளை முகத்தில் நொறுக்கியது. காயமடைந்தோர் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடியால். ஒரு பள்ளி ஆசிரியை ஒளியைக் கண்டதும் பிள்ளைகளை மேசைக்கு அடியில் ஒடுங்கச் சொல்லிவிட்டுத் தாம் நின்றிருந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள், வெட்டுக்காயம் அவருக்கு. என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

எரிமீனைக் கண்டு அஞ்சியது தமிழில் பதிவாகியிருக்கிறது. கூடலூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் (229). பங்குனி மாதம், நள்ளிருள். எந்த நாள்மீன் உச்சி சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று வானத்தின் நிலையை முதலில் குறிக்கிறார். பிறகு, கிழக்கேயும் போகாமல் வடக்கேயும் போகாமல், கடல் சூழ்ந்த நிலத்துக்கு விளக்குப் போல, தீப் பரக்க, 'ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே' என்கிறார். நேரம், திசை, ஒளி எல்லாம் இருக்கின்றன. இன்று எரிமீனைப் பதிவு செய்பவர் கேட்பதும் இவற்றைத்தான். சேரமான் நோயின்றி இருக்க வேண்டுமே என்று நெஞ்சு கலங்கியதாகவும், ஏழாம் நாள் அரசன் இறந்ததாகவும் பாடல் சொல்கிறது. எரிமீனுக்கும் அரசனின் சாவுக்கும் தொடர்பில்லை என்பது நமக்குத் தெரியும். அந்தப் பார்வையின் கூர்மை அதனால் குறைந்துவிடாது.

வால்வெள்ளி வேறு இனம். பனியும் தூசும் கலந்தது, சூரியனை நெருங்கும்போது வால் நீட்டுவது. இதற்குக் கபிலர் 'தூமம்' என்றார், 'தூமம் தோன்றினும்' பாரியின் நாடு வளம் குன்றாது என்று. சிலப்பதிகாரம் 'புகைக்கொடி' என்றது. வடமொழித் தூமகேதுவில் தூமம் புகை, கேது கொடி. இளங்கோ இரண்டு பாதியையும் தமிழாக்கியிருக்கிறார். கலைச்சொல்லாக்கத்துக்கு இதைவிடப் பழைய பாடம் எங்கே தேடுவது?

சரி, உலகத்தையே முடிக்கும் கல் எவ்வளவு பெரியது? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் கரையில் விழுந்தது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அளவு. சிக்சுலுப் என்ற ஊரின் பெயரைத் தாங்கிய அதன் பள்ளம் சுமார் 180 கிலோமீட்டர் அகலம், இப்போது மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் புதைந்திருக்கிறது. முதல் தடயம் கிடைத்தது வேறு கண்டத்தில். இத்தாலியின் குப்பியோ ஊரருகே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே விரல் பருமனில் ஒரு களிமண் படலம். அதில் பூமியின் மேற்பரப்பில் அரிதான இரிடியம் என்ற உலோகம் பல மடங்கு இருந்தது. இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸும் அவருடைய மகன் வால்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் அதை விண்ணிலிருந்து வந்தது என்றார்கள். மோதலில் எழுந்த தூசும் கந்தகமும் வெயிலை மறைத்தன, பயிர்ப்பச்சை பட்டது, அதைத் தின்றவை செத்தன, அவற்றைத் தின்றவையும் செத்தன. உயிரினங்களில் முக்கால் பங்கு அற்றுப்போனது. கால் பங்கு தப்பியது; தப்பியவற்றின் வழியில்தான் நாம் வந்திருக்கிறோம்.

இதைச் சில கட்டுரைகள் 'இன அழிப்பு' என்று எழுதுவது என்னைத் துன்புறுத்துகிறது. அழிவு தன்வினை, அழிப்பு பிறவினை. அழிப்பவன் ஒருவன் இருந்தால்தான் அழிப்பு. மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமைக்கு உரிய அந்தச் சொல்லைக் கல்லின் மேல் ஏற்றக் கூடாது. உயிரினப் பேரழிவு என்றால் போதும்.

ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள, பூமியை நெருங்கக்கூடிய சிறுகோள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒரு மாவட்டத்தையோ மாநிலத்தையோ பாழாக்கக்கூடிய 140 மீட்டர் வகையில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. கவலைப்பட வேண்டியது அங்கேதான். கண்டுபிடித்துவிட்டால் செய்ய வழி உண்டு: 2022 செப்டம்பர் 26இல் நாசாவின் டார்ட் விண்கலம், டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றும் 160 மீட்டர்த் துணைக்கோளான டைமார்ஃபோஸில் வேண்டுமென்றே மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்று அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. மனிதர் ஒரு விண்பொருளின் பாதையை மாற்றியது அதுவே முதல்முறை.

இந்தத் தேடலில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டறிந்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். அவருக்குப் பின் நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. 1988இல் வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் குழு கண்டறிந்தது 4130ஆம் எண் சிறுகோள். அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

2024 ஒய்ஆர்4 பூமியில் மோதாது என்று 2025 பிப்ரவரி முடிவுக்குள் தெரிந்துவிட்டது. பாதை துல்லியமாகும்போது கணக்கு ஏறி இறங்குவது வழக்கம். 2004இல் கண்டறிந்த அபோஃபிஸுக்கும் முதலில் அப்படி ஓர் அச்சம் இருந்து, பிறகு விலகியது. ஏறத்தாழ 340 மீட்டர் அளவுள்ள அந்தச் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில், நம் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்துக்கும் கீழே, கடந்து போகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இருப்பவர்கள் தொலைநோக்கி இல்லாமலே பார்க்கலாம். எரிமீன் ஆகாமல், விண்கல் ஆகாமல், நாள்மீன்களுக்கு நடுவே மெல்ல நகரும் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்த ஓர் இரவுக்கு அதை உடுப்போலி என்று அழைக்க நான் மனமார ஒப்புவேன்.