பொட்டன்ஷியோமீட்டரை மாற்றினால் பெடலின் ஒலி மாறுமா?

கிட்டார் ஒலியை மாற்றும் காலடிப் பெட்டியான பெடலில், குமிழைத் திருப்பினால் மின்தடையை மாற்றும் பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும். அவற்றில் மலிவானவற்றைக் கழற்றிவிட்டு விலை கூடியவற்றைப் போட்டால் ஒலி மேம்படுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாற்றிப் பார்த்த அவருடைய நண்பர் பெடலுக்கே புது உயிர் வந்துவிட்டதாகச் சொல்கிறாராம். நண்பர் பொய் சொல்லவில்லை, மாற்றம் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் அதற்குக் காரணம் விலை அல்ல.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். லாட வடிவில் கார்பன் பூசிய பாதை, இரு முனைகளிலும் இரண்டு கால்கள், பாதையை உரசியபடி நகரும் உலோக நாக்கு. நடுக்கால் அந்த நாக்கோடு சேர்ந்தது. மின்தடைக்கென்று தனிக் குரல் கிடையாது. வெப்பத்தால் எழும் இரைச்சல் எல்லா மின்தடையிலும் உண்டு. 100 கிலோ ஓமுக்கு, நாம் கேட்கும் அதிர்வெண்கள் அத்தனையும் சேர்த்து ஏறக்குறைய 6 மைக்ரோவோல்ட். பாதை எந்தப் பொருளில் செய்யப்பட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாறுவது ஓம் அளவு. இந்தக் கன்ட்ரோல்கள் பலவற்றில் 20 சதவீதம் வரை கூடுதல் குறைவு சகஜம். 100 கிலோ ஓம் என்று அச்சிட்டது 80 ஆகவும் இருக்கலாம், 120 ஆகவும் இருக்கலாம். வால்யூமில் மூன்று கால்களும் வேலை செய்வதால் மின்னழுத்தம் விகிதப்படி பிரியும். மொத்தம் எவ்வளவு என்பது அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் கெபாசிட்டரோடு (மின்தேக்கி) சேர்ந்து இரண்டு கால்களில் மட்டும் வேலை செய்யும் டோன் கன்ட்ரோலில் ஓம் அளவுதான் எல்லாம். அங்கே 100க்குப் பதில் 80 வந்தால் வெட்டு அதிர்வெண், அதாவது ஒலி வெட்டுப்படத் தொடங்கும் இடம், 25 சதவீதம் மேலே போகும். கிட்டார் கழுத்தில் கிட்டத்தட்ட நான்கு ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தூரம் அது!

இதைவிட அழகான காரணம் ஒன்று உண்டு. நம் காது ஒலியளவைக் கூட்டலாக உணர்வதில்லை, பெருக்கலாக உணர்கிறது. திருப்பும் அளவுக்கு ஒரே சீராக மாறும் லீனியர் கன்ட்ரோலை நடுவில் நிறுத்தினால் மின்னழுத்தம் பாதியாகும், அது வெறும் 6 டெசிபெல் குறைவு. அதனால் ஆரம்பத் திருப்பலிலேயே ஒலி எகிறிவிடும், மிச்சத் திருப்பல் முழுக்க ஒன்றும் நடக்காதது போலிருக்கும். இதைச் சரிக்கட்டத்தான் லாக் (மடக்கை) வகை. அதில் நடுப்புள்ளியில் 10 முதல் 15 சதவீத மின்னழுத்தம்தான் கிடைக்கும்.

சரி, அந்த வளைவை எப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் உண்மையான லாக் வளைவு உள்ளே கிடையாது. பாதையின் ஒரு பகுதியில் தடை குறைந்த கார்பன் கலவை, மறு பகுதியில் தடை கூடிய கலவை. வரைபடம் போட்டால் இரண்டு நேர்கோடுகள் ஒரு முட்டியில் சந்திக்கும். அந்த முட்டியையே காது வளைவாக ஏற்றுக்கொள்கிறது. இதை முதன்முதலில் அளந்து வரைந்து பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. லீனியர் 100 கிலோ ஓமின் நடுக்காலிலிருந்து தரைக்கு ஒரு 15 கிலோ ஓம் மின்தடையைப் போட்டாலும் நேர்கோடு வளைந்துவிடும். நடுப்புள்ளியில் 50 சதவீதம் இருந்தது 19 ஆகும்.

அந்த முட்டி எங்கே விழும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நண்பர் குமிழைப் பழைய இடத்திலேயே வைத்து வாசித்திருப்பார். அங்கே 15 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் வந்திருந்தால் 2.5 டெசிபெல் கூடிவிடும். சற்று உரக்கக் கேட்பதை மனம் ‘நன்றாக இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமப்படுத்தாமல், எது எதுவென்று தெரிந்துகொண்டே கேட்டுச் சொல்லப்படும் தீர்ப்புகளை நான் மூடநம்பிக்கை வரிசையில்தான் வைப்பேன்.

மாற்றவே வேண்டாம் என்பதல்ல. பாதை தேய்ந்து கரகரத்தால் மாற்றத்தான் வேண்டும். தூசி புகாத மூடிய வகை நீடித்து உழைக்கும், குமிழும் வழுவழுவென்று திரும்பும். புதிது போட்ட பிறகும் கரகரத்தால், பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டர் நேர்மின்னோட்டத்தைக் கசிய விடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நண்பர் கழற்றிய பழையதையும், அதே வகையில் புதிது ஒன்றையும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். முனைக்கு முனை ஓர் அளவு, குமிழை நடுவில் வைத்து, நடுக்காலுக்கும் ஒரு முனைக்கும் இடையே இன்னோர் அளவு. அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதுங்கள்.