சொல் விளக்கம்: போலீஸ் கமிஷன்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் பெரியவர் ஒருவர் போன மாதம் மனு எழுதித் தரச்சொல்லி வந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வண்டியை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஏன் என்று கேட்கப் போனவரை உள்ளே வைத்து லத்தியால் அடித்திருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்பது மனுவில் இருக்கிறது, இங்கே வேண்டாம்.

“கமிஷனுக்கு எழுதிப் போடணும் தம்பி.”

“கமிஷனருக்கா ஐயா? இன்ஃபன்ட்ரி ரோட்டுல இருக்கே, அந்த ஆபீஸுக்கா?”

“அவரும் போலீஸ்தானேப்பா. போலீஸுக்கு மேல ஒரு கமிஷன் இருக்குதாமே, டி.வி.ல சொன்னாங்க. அதுக்கு.”

கூட வந்த மருமகள் தயங்கிக் கேட்டார்: “கமிஷன்னா நாம ஏதாச்சும் குடுக்கணுமாண்ணா?”

ஒரே சொல்லை மூன்று பேரும் மூன்று பொருளில் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றுமே அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள்கள்தான். தவறான பொருளைப் பிடித்தால் மனு தவறான மேசைக்குப் போய்விடும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கமிஷனின் மூலம் லத்தீன். ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘மித்தெரே’ என்றால் அனுப்பு. ஒரு பொறுப்பை ஒருவர் கையில் சேர்ப்பித்து அனுப்புவது, அதாவது ஒப்படைப்பது. கமிட்டியும் மிஷனும் இதே வேரில் பிறந்தவை. ராணுவத்தில் ஒருவருக்குக் ‘கமிஷன் கிடைத்தது’ என்றால் அதிகாரத்தை ஒப்படைக்கும் பட்டயம் கைக்கு வந்தது என்று பொருள். மண்டியில் விவசாயி சரக்கை ஒப்படைக்கிறார், விற்றுக் கொடுத்தவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். அந்தப் பங்கும் கமிஷன். அதற்குத் தரகு என்ற நல்ல சொல் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. இதே பங்கு பிறகு லஞ்சத்துக்கும் பெயரானது. 2023 சட்டமன்றத் தேர்தலில் ‘40 பர்சென்ட் கமிஷன்’ என்ற பேச்சு பெங்களூரில் தெருத்தெருவாக ஓடியது. அந்த மருமகள் தயங்கியதில் என்ன தவறு?

பொறுப்பு ஒரே ஆளிடம் ஒப்படைக்கப்பட்டால் அவர் கமிஷனர், பலரிடம் சேர்த்து ஒப்படைக்கப்பட்டால் அவர்கள் கமிஷன். பெங்களூரில் 1963 முதல் போலீஸுக்குக் கமிஷனர் முறை. உதவிக் கமிஷனர், துணைக் கமிஷனர், இணைக் கமிஷனர், கூடுதல் கமிஷனர், கமிஷனர் என்று படிப்படியாக ஏறும் இந்த வரிசையில் அத்தனை பேரும் காக்கி உடுப்புக்காரர்கள். போதாததற்கு, தமிழ்நாட்டில் கலெக்டர் என்கிறோமே, அவருக்கும் கர்நாடகத்தில் டெபுட்டி கமிஷனர் என்றே பெயர். ஊரில் இத்தனை கமிஷனர்கள் இருக்கும்போது ‘போலீஸ் கமிஷன்’ என்றதும் என் நாக்கு இன்ஃபன்ட்ரி ரோட்டுக்குத் திரும்பியது. பெரியவர் சொன்னது வேறு.

அவர் டி.வி.யில் கேட்டது அமெரிக்கச் செய்தி என்று விசாரித்ததில் தெரிந்தது. அங்கே பல நகரங்களில் போலீஸ் கமிஷன் என்பது போலீஸ்காரர் அல்லாதவர்கள் உட்கார்ந்து போலீஸைக் கேள்வி கேட்கும் சபை. லாஸ் ஏஞ்சலஸில் 5 பேர். மேயர் நியமிக்கிறார், நகர மன்றம் ஒப்புதல் தருகிறது. போலீஸ் துறையின் கொள்கையை வகுப்பது அவர்கள். அன்றாட நிர்வாகம் போலீஸ் தலைவரிடம். போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால், அந்தச் சூடு விதிக்குள் வந்ததா, விதியை மீறியதா என்று தீர்ப்பதும் இந்த ஐவர்தான். மீறியது என்று அவர்கள் சொன்னாலும் தண்டனையைத் தொடங்குவது தலைவரின் கையில். இந்த இடைவெளியைப் பற்றி அங்கே ஓயாத சண்டை நடக்கிறது, நடக்க வேண்டியதும்தான்.

சான் பிரான்சிஸ்கோவில் 7 பேர்: நால்வரை மேயர் முன்மொழிகிறார், மூவரை நகர மன்றம். போலீஸ்காரர் ஒருவரை 10 நாள் வரை தலைவரே இடைநீக்கம் செய்யலாம். அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் விவகாரம் கமிஷனுக்கு வந்தாக வேண்டும். புகாரை விசாரிக்க, போலீஸில் சேராத ஊழியர்களைக் கொண்ட தனித் துறை ஒன்று உண்டு. கமிஷன் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று பேசலாம். பக்கத்திலிருக்கும் ஓக்லாந்தில் 2016இல் வாக்காளர்களே ஓட்டுப்போட்டு ஒரு கமிஷனை உண்டாக்கினார்கள். அதன் உறுப்பினர்களில் ஒரு பகுதியை நகரவாசிகளின் தேர்வுக்குழு பொறுக்குகிறது. அந்த நகரப் போலீஸில் முன்பு வேலை பார்த்தவர் அதில் உட்கார முடியாது. 2020 பிப்ரவரியில் இந்தக் கமிஷனும் மேயரும் சேர்ந்து போலீஸ் தலைவரையே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘போலீஸ் ஆணையம்’ என்று எழுதினால் முதல் இடறல் அங்கேயே. கமிஷனர் அலுவலகத்தைத் தமிழ்நாட்டில் ‘காவல் ஆணையரகம்’ என்கிறார்கள். ஆணையம், ஆணையரகம்: அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். இலங்கைத் தமிழர்கள் இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அவர்கள் கமிஷனை ஆணைக்குழு என்பார்கள். அங்கே 2001இல் அரசியலமைப்பின் 17ஆம் திருத்தத்தால் வந்த தேசிய பொலிஸ் ஆணைக்குழு, போலீஸ் மீதான முறைப்பாடுகளையும் விசாரிக்கும் அமைப்பு. ‘குழு’ என்ற சொல் கூடவே நிற்பதால் அது தனியாள் இல்லை, பலர் என்பது கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல் நம்முடையதைவிடத் தெளிவு.

‘ஆணை’ பற்றி எனக்கு வெகுநாள் ஒரு மனக்குறை இருந்தது. கமிஷனில் ஒப்படைப்பு இருக்கிறது, ஆணையத்தில் அதிகாரம் மட்டுமே ஒலிக்கிறது என்று நினைத்திருந்தேன். வடமொழி ஆஜ்ஞா பிராகிருதம் வழியாக ஆணையாயிற்று என்று பலர் சொல்வார்கள், வேர் தமிழே என்பவரும் உண்டு. எந்த வழியில் வந்தாலும் அது கட்டளைதானே என்று விட்டுவிட்டேன். பெங்களூரில் வாழ்ந்துதான் அது மாறியது. கன்னடத்தில் ‘ஆணே’ என்றால் சத்தியம். இங்கே தெருவில் விளையாடும் பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒருமுறை ‘தேவராணே’ என்பார்கள், சாமி சத்தியமாக என்று. அப்போதுதான் உறைத்தது: ‘உன் மேல் ஆணை’, ‘ஆணையிட்டுச் சொல்கிறேன்’ என்று நாமும் அதையேதானே சொல்கிறோம். கட்டளையும் சத்தியமும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஊர் ஒப்படைத்த பொறுப்பைச் சத்தியம் செய்து ஏற்றுக்கொண்டவர்கள் என்று ஆணையத்தாரைப் படித்தால் லத்தீன் வேருக்கு வெகு பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

கன்னடத்தார் கமிஷனை ‘ஆயோக’ என்றும் கமிஷனரை ‘ஆயுக்தரு’ என்றும் எழுதுகிறார்கள். பூட்டு, இணை என்று பொருள்படும் ‘யுஜ்’ என்ற வடமொழி வேர். வேலையில் பூட்டப்பட்டவர் ஆயுக்தர். அரசு ஊழியர்கள் மீதான ஊழல் புகாரை விசாரிக்கும், இந்த ஊரில் குழந்தைக்கும் தெரிந்த லோகாயுக்தா இதிலிருந்து வந்ததுதான்: மக்களுக்காகப் பணியில் பூட்டப்பட்டவர்.

அடுத்தது ‘சிவிலியன்’, அதாவது அந்தச் சபையில் உட்காரும் போலீஸ்காரர் அல்லாதவர். இங்கே சிவில் போலீஸ் என்றே ஒரு பிரிவு உண்டு, ஆயுதப் படையில் சேராத ஸ்டேஷன் போலீஸ். ஆகவே ‘சிவில்’ என்று சொல்லி ஒதுக்க முடியாது. லத்தீனில் ‘கிவிஸ்’ என்றால் நகரத்தின் குடி. போலீஸ் என்ற சொல்லோ கிரேக்க ‘போலிஸ்’, அதாவது நகரம். நகரத்தின் ஒழுங்கு என்ற பொருளில் தொடங்கி, அதைக் காக்கும் ஆட்களின் பெயராகச் சுருங்கியது. நகரமும் நகரத்தாரும் பிரிந்து எதிரெதிரே நிற்கும்படி ஆனது பிற்காலத்துக் கதை. கன்னடம் குடிமகனை ‘நாகரிகரு’ என்கிறது, நகரத்திலிருந்து. நமக்கு நாகரிகம் வேறு பொருளுக்குப் போய்விட்டது. ஆனால் ‘குடி’ இருக்கிறது. பத்திரிகைகள் ‘பொதுமக்கள்’ என்று எழுதுகின்றன. போலீஸ் மைக்கில் ‘பொதுமக்கள் கலைந்து செல்லவும்’ என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லில் ஓரமாக ஒதுங்கி நிற்பவர்களின் சாயல் ஏறிவிட்டது. குடிமக்கள் என்றால் கேட்கும் உரிமை உள்ளவர்கள். நான் அதையே எடுப்பேன்.

மேலிருந்து பார்க்கும் வேலைக்கு ‘கண்காணிப்பு’ என்பது கைக்கு முதலில் வரும் சொல். ஆனால் காவல் கண்காணிப்பாளர் என்றால் எஸ்.பி. போலீஸைக் கண்காணிக்கும் குழு என்று எழுதினால் எஸ்.பி. ஆபீஸ் என்று படிப்பார்கள். தோட்டங்களில் கூலியாட்கள் தலைமேல் நின்ற கங்காணியும் இதே சொல்தான். அந்த நிழலும் வேண்டாம். மேற்பார்வை போதும். ஆக முழுப்பெயர்: குடிமக்கள் காவல் மேற்பார்வை ஆணையம். நீளம்தான். நான்கில் எந்தச் சொல்லை நீக்கினாலும் பொருள் இன்ஃபன்ட்ரி ரோட்டுக்கோ எஸ்.பி. ஆபீஸுக்கோ நழுவிவிடுகிறது.

‘காவல் வாரியம்’ என்று சுருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆசையான யோசனை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையில் பெயர் எடுத்து அமைக்கப்பட்டவை. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அதற்குள் வரக்கூடாது. ஓக்லாந்தில் பழைய போலீஸ்காரரை விலக்கி வைப்பதும் இந்த வகை எச்சரிக்கைதான். நிலமும் வேதமும் உள்ள பிராமண ஆண்களுக்கே அந்தக் குடவோலை என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் இன்றைக்கு வாரியம் என்றால் மின்சாரம், குடிநீர், ஆள்தேர்வு. காவல் வாரியம் என்று பலகை வைத்தால் வேலைக்கு விண்ணப்பம் வாங்கத்தான் கூட்டம் வரும்.

சரி, பெரியவருக்கு இங்கே என்ன இருக்கிறது? பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது: மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் போலீஸ் மீதான புகாரை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும். எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில அமைப்பு, டி.எஸ்.பி. வரை என்றால் மாவட்ட அமைப்பு. தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி. காவலில் மரணம், கொடுங்காயம், பாலியல் வன்முறை ஆகியவை இரண்டுக்கும் பொது. பணம் பறித்தல், நிலம் வீடு அபகரித்தல், கடுமையான அதிகார அத்துமீறல் ஆகியவற்றை மாவட்ட அமைப்பு கூடுதலாக விசாரிக்கலாம். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றது தீர்ப்பு. பல மாநிலச் சட்டங்களில் அந்த வரி நீர்த்துப்போனது. கர்நாடகம் 2012இல் தன் போலீஸ் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தது. அமெரிக்கக் கமிஷனோடு இதை ஒன்றாக்கிவிடக்கூடாது. இதற்குக் கொள்கை வகுக்கவோ தலைவரை நீக்கவோ அதிகாரம் கிடையாது, புகார் மட்டும்.

புகார் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. காவிரி கடலில் புகும் இடமான புகாருக்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை. இது கூவி அழைத்தல் என்ற பொருள் கொண்ட இந்துஸ்தானிச் சொல். தமிழில் முறையீடு. முறை என்றால் நியாயம், நியாயத்தின் முன்னால் வைப்பது முறையீடு. கன்னடத்தில் ‘தூரு’; நம் ‘தூற்று’வுக்கு உடன்பிறப்பு. அங்கே அது குறை சொல்வது, இங்கே அவதூறு ஆகிவிட்டது.

எக்ஸ்ரேயை மேசை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு எலும்பில் மயிரிழை போல ஒரு கோடு, கீழே டாக்டரின் கையெழுத்தில் ‘முறிவு’ என்று. வீக்கமாக இருந்திருந்தால் சட்டத்தில் அது சாதாரணக் காயம். எலும்பு முறிந்தால் கொடுங்காயம். மனுவில் ‘கை வீங்கியது’ என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு ‘எலும்பு முறிந்தது’ என்று மாற்றினேன்.

மனு கன்னடத்தில். ‘ஜில்லா போலீஸ் தூரு ப்ராதிகாரா’ என்று முகவரி எழுதி, பெரியவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்: மாவட்டக் காவல் முறையீட்டு ஆணையம்.

“கமிஷன்தானே தம்பி?”

“அதேதான் ஐயா. காசு கிடையாது,” என்றேன், மருமகளைப் பார்த்து.

வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் பேனாவைப் பிடித்தார். பெருவிரல் மை தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையசைத்தார். தமிழில் பெயரை எழுதத் தொடங்கி, மூன்றாவது எழுத்தில் நின்று, கையை உதறிக்கொண்டு மறுபடி எழுதினார்.