நியாய வணிகம்: தென்னமெரிக்கச் சிறு உழவர் காப்பியைப் பற்றி ஒரு சொல் விளக்கம்

நியாய வணிகம் என்பது, விளைவித்தவரின் செலவுக்கும் வாழ்வுக்கும் ஈடு கொடுக்கும் ஓர் அடிவிலையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்குக் கீழே வாங்குவதில்லை என்ற உறுதியோடு நடத்தப்படும் வணிகம். ஆங்கிலத்தில் ‘ஃபேர் டிரேட்’. ஸ்பானிய மொழியில் ‘கொமேர்சியோ ஹுஸ்தோ’. பெரு, கொலம்பியா, பொலிவியா, எக்வடார் நாடுகளின் கூட்டுறவுச் சங்கங்கள் அனுப்பும் காப்பியின் பொட்டலங்களில் இந்தத் தொடர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ‘ஓர்கானிகோ’, அதாவது செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இல்லாத அங்கக விளைச்சல், என்ற சொல் பக்கத்தில் நிற்கும். ‘பெகேன்யோஸ் புரொதுக்தோரெஸ்’, அதாவது சிறு உற்பத்தியாளர்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றும் ஒரே நன்மைக்கு மூன்று பெயர்கள் என்று நினைத்துவிடுவது எளிது. உண்மையில் மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடு காணாமல் போகக் கூடாது என்பதே இந்தக் குறிப்பின் நோக்கம்.

‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் அழகு. அழகிலிருந்து மாசின்மை, மாசின்மையிலிருந்து நேர்மை என்று பொருள் நகர்ந்தது. ‘ஃபேர் டிரேட்’ என்ற தொடர் இன்றைய பொருளில் பிறக்கவில்லை. 1881-இல் பிரிட்டனில் அந்தப் பெயரில் ஒரு சங்கம் இருந்தது. பிற நாடுகள் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு வரி போட்டால் அவர்கள் சரக்குக்கும் வரி போட வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அமெரிக்காவில் 1931 முதல் மாநிலங்கள் இயற்றிய ‘ஃபேர் டிரேட்’ சட்டங்கள், உற்பத்தியாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக் கூடாது என்றன. 1975-இல் அவை முடிவுக்கு வந்தன. இரண்டிலும் உழவர் இல்லை.

இன்றைய பொருள் வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேலைநாட்டுத் திருச்சபைக் குழுக்கள் ஏழை நாடுகளின் கைவினைப் பொருள்களை இரக்கத்தோடு வாங்கி விற்றன. 1960-களில் ‘உதவி வேண்டாம், வணிகம் வேண்டும்’ என்ற குரல் ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி மாநாடுகளில் ஒலித்தது. 1968 மாநாடு புதுதில்லியில்தான் கூடியது. அப்போதும் அந்தக் கைவினைப் பொருள்களை விற்றவர்கள் தங்கள் வேலையை ‘மாற்று வணிகம்’ என்றே அழைத்தார்கள். 1989-இல் தொடங்கிய அவர்களுடைய பன்னாட்டுக் கூட்டமைப்பின் பெயரிலும் ‘மாற்று’ என்ற சொல்தான் இருந்தது. பிற்பாடே அது உலக நியாய வணிக அமைப்பு என்று பெயர் மாறியது. மாற்று என்பது வாங்குபவரின் தேர்வைச் சொல்லும் சொல். நியாயம் என்பது விற்பவரின் உரிமையைச் சொல்லும் சொல். இந்தப் பெயர்மாற்றத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

அந்த மாற்றத்துக்குக் காப்பிதான் காரணம். தென் மெக்சிகோவின் ஓஹாகா மாநில மலைகளில் பழங்குடிக் காப்பி விவசாயிகள் ‘கொயோத்தே’ என்று அழைத்த இடைத்தரகர்களிடம் சிக்கியிருந்தார்கள். கொயோத்தே என்றால் அந்நாட்டு ஓநாயினம். 1980-களில் அவர்கள் ‘உசிரி’ என்ற சங்கமாகத் திரண்டார்கள். அவர்களோடு வேலை செய்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோஃப், நெதர்லாந்தின் சாலிடரிடாட் அமைப்பைச் சேர்ந்த நிக்கோ ரூசனோடு சேர்ந்து 1988 நவம்பரில் ஒரு முத்திரையை உருவாக்கினார். அந்தச் சங்கத்தார் கேட்டது நன்கொடை அல்ல. விளைச்சலுக்கு உரிய விலை. முத்திரைக்கு ‘மாக்ஸ் ஹவெலார்’ என்று பெயர் வைத்தார்கள். ஜாவா மக்களை டச்சு ஆட்சி காப்பி பயிரிட வற்புறுத்திய கொடுமையை 1860-இல் வெளிப்படுத்திய டச்சு நாவலின் நாயகன் பெயர் அது. முத்திரை ஒட்டிய காப்பி, தனிக் கடைகளை விட்டு வெளியே வந்து சாதாரணப் பல்பொருள் அங்காடிகளில் ஏறியது. பல நாட்டு முத்திரைகள் 1997-இல் ஜெர்மனியின் பான் நகரில், இன்று பன்னாட்டு நியாய வணிக அமைப்பு எனப்படும் ஒரே அமைப்பின்கீழ் வந்தன.

முத்திரை பிறந்த அடுத்த ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1962 முதல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதி அளவு வகுத்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்தது. 1989 ஜூலையில் அந்த ஏற்பாடு உடைந்தது. ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம் காப்பிக்கு 1 டாலர் 20 சென்ட்டை ஒட்டி நின்ற விலை சரிந்து, 2001-இல் 50 சென்ட்டுக்கும் கீழே போனது. ஆண்டிஸ் மலைச்சரிவில் அந்த விலைக்குப் பழம் பறிக்கும் கூலி கூடத் தேறாது. அடிவிலை என்ற ஒன்று இருந்த சங்கங்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி, கழுவிப் பதப்படுத்திய அராபிகா காப்பிக்குப் பன்னாட்டு நியாய வணிக அமைப்பின் அடிவிலை பவுண்டுக்கு 1 டாலர் 80 சென்ட். அங்ககச் சான்று இருந்தால் 40 சென்ட் கூடுதல். அதற்கு மேல் 20 சென்ட் சங்கத்தின் பொதுப்பணிக்கு. சந்தை விலை அடிவிலைக்கு மேலே போனால் சந்தை விலையைக் கொடுக்க வேண்டும். சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை கப்பலேற்றுவதற்கு முன்பே கிடைக்க வழி செய்ய வேண்டும். இதில் ஒன்றை மறைக்கக் கூடாது: இந்த விலை பெருவின் கயாவோ, பைத்தா போன்ற துறைமுகங்களில் சங்கம் கப்பலேற்றும்போது பெறும் விலை. தோல் நீக்கல், தரம் பிரித்தல், லாரி வாடகை, சான்றுக் கட்டணம் எல்லாம் போகத்தான் மிச்சம் உழவர் கைக்கு வரும்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘நியாய விலைக் காப்பி’ என்று எழுதத் தோன்றும், எழுதக் கூடாது. தமிழ்நாட்டில் நியாய விலை என்றால் ரேஷன் கடை. அங்கே நியாயம் வாங்குபவருக்கு, விலை குறைவாக இருப்பதே நியாயம். இங்கே திசை நேர்மாறு. ‘குறைந்தபட்ச ஆதரவு விலை’ பொருளில் இன்னும் நெருங்கி வருகிறது, ஆனால் அதை அறிவிப்பது அரசு. இதை ஏற்பது தனியார் வணிகர். ‘நேர்மை வணிகம்’ என்றால் எடையில் ஏமாற்றாதவர், கலப்படம் செய்யாதவர் என்று பொருள் சுருங்கிவிடும். எடை சரியாகப் போட்டுவிட்டு அடிமாட்டு விலைக்கு வாங்குவது உலகக் காப்பிச் சந்தையில் அன்றாடம் நடப்பதுதான். ‘அறவணிகம்’ அழகான சொல். ஆனால் அறக்கட்டளை, அறநிலையம் என்று பழகிய காதுக்கு அதில் தர்மம் கொடுக்கும் தொனி கேட்கிறது. உசிரி மக்கள் மறுத்தது அதைத்தான்.

தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்கள் ‘நடுநிலை வணிகம்’ என்று சொல்லக்கூடும். அதற்குப் பழம் வேரும் இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை ‘நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்கிறது. ‘கொள்வதூஉம் மிகைகொளாது கொடுப்பதூஉம் குறைகொடாது’ விற்றவர்கள் அவர்கள். அந்த வரியை விடச் சிறந்த வணிக இலக்கணம் எந்த மொழியிலும் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆயினும் அது சம வலிமையுள்ள இருவர் நடத்தும் கொள்வினை, கொடுப்பினை. கொமேர்சியோ ஹுஸ்தோ நடுவில் நிற்பதில்லை. வலிமை குறைந்தவர் பக்கம் வெளிப்படையாகச் சாய்கிறது.

ஆகவே ‘நியாயம்’ வடசொல்லாக இருந்தாலும் அதையே நான் ஆதரிக்கிறேன். ‘ஹுஸ்தோ’ சட்டம், உரிமை என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழிலும் நியாயம் என்பது பாதிக்கப்பட்டவர் ‘கேட்கும்’ ஒன்று. நியாயம் கேட்டு வந்தேன் என்கிறோம். நேர்மை கேட்டு வந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. நுகர்வோர் வழக்குகளில் புழங்கும் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற தொடரோடு குழம்பலாம் என்பது ஒரு சிறு குறை. சூழலே அதைத் தெளிவாக்கிவிடும்.

விலைக்கு மேல் சங்கத்தின் பொதுப்பணிக்குக் கொடுக்கும் 20 சென்ட்டின் பெயர் ‘பிரிமா’. அதைப் ‘பிரீமியம்’ என்று பெயர்த்தால் காப்பீட்டுத் தவணை நினைவுக்கு வரும். ‘ஊக்கத்தொகை’ என்றால் நெல்லுக்கு அரசு கொடுப்பதைப் போல ஆளுக்கு ஆள் போய்ச் சேரும் பணம் என்று ஆகிவிடும். அந்த 20 சென்ட் சங்கத்தின் பொதுக்குழு கூடிப் பேசி முடிவு செய்யும் கூட்டுப் பணம். ‘பொதுநலத் தொகை’ பொருந்தும்.

அடுத்தது ‘ஓர்கானிகோ’. கிரேக்கத்தில் ‘ஓர்கனோன்’ என்றால் கருவி; பிறகு உடலின் உறுப்பு; பிறகு உறுப்புகள் இயைந்த முழு உடல். 1940-இல் நார்த்போர்ன் பிரபு என்ற ஆங்கிலேயர் பண்ணையை ஓர் உயிருடலாகப் பார்த்து இந்தச் சொல்லை வேளாண்மைக்குக் கொண்டுவந்தார். மண், கால்நடை, பயிர், மனிதர் ஆகியோர் அந்த உடலின் உறுப்புகள். இந்த வரலாறு தெரிந்தால் தமிழ்நாடு அரசின் ‘அங்கக வேளாண்மை’ எவ்வளவு பொருத்தமான ஆக்கம் என்பது விளங்கும், அங்கம் உறுப்புதானே. இலங்கையில் ‘சேதன’ என்பார்கள். அதில் உயிர் இருக்கிறது. ‘கரிம’ மட்டும் வேண்டாம், அது வேதியியலுக்கு உரியது.

மக்கள் நாவில் நிலைத்தது ‘இயற்கை’ என்பதே. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் வளர்த்த சொல் அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் காப்பியில் அது இரண்டு இடத்தில் இடறுகிறது. ஒன்று, காப்பித் தொழிலில் ‘நேச்சுரல்’ என்றால் பழத்தைத் தோலோடு வெயிலில் உலர்த்திப் பதப்படுத்தியது என்று பொருள். உரம் போட்டதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டு, உரம் வாங்கக் காசில்லாததால் எதுவும் போடாத தோட்டமும் இயற்கைத் தோட்டம்தான். சான்று பெறுவது அப்படியன்று. தடைசெய்த இடுபொருளை நிறுத்தி மூன்றாண்டு காத்திருக்க வேண்டும், குறிப்பேடு எழுத வேண்டும், சங்கத்தின் உள் ஆய்வாளரும் வெளி ஆய்வாளரும் வந்து பார்க்க வேண்டும். பெருவில் இதற்குக் கடற்பறவைத் தீவுகளின் எச்சத்தை உரமாக இடுகிறார்கள். ‘குவானோ’ என்ற அந்தச் சொல்லே அம்மண்ணின் கெச்சுவா மொழியில் சாணத்தைக் குறிக்கும் ‘வனு’விலிருந்து உலகுக்குப் போனது. அங்ககத்துக்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 2012–13-இல் இலைத்துரு நோய் பெருவின் காப்பிச் சரிவுகளைத் தாக்கியபோது அங்கக உழவர்களிடம் போர்டோக் கலவை போன்ற செம்புக் கலவைகளைத் தவிர மருந்து அதிகம் இல்லை. 1869-இல் இலங்கையில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட அதே பூஞ்சைதான் அது. தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்கள் உழைத்த காப்பித் தோட்டங்களை அழித்து, அந்தத் தீவைத் தேயிலைக்குத் திருப்பியதும் அதுவே.

ஒரு சிறு எச்சரிக்கை. தென்னிந்தியக் காப்பி வணிகத்தில் ‘செர்ரி’ என்றால் பழத்தோடு உலர்த்திய கொட்டை. தென்னமெரிக்காவில் ‘செரேசோ’ என்றால் அப்போதுதான் பறித்த ஈரப் பழம். மொழிபெயர்ப்பவர்கள் ‘பழம்’ என்றே எழுதிவிடுவது நல்லது. ‘பெர்காமினோ’வும் நம் ‘பார்ச்மெண்ட்’டும் ஒன்றுதான், அதில் சிக்கலில்லை. காப்பிக்குக் ‘குளம்பி’ என்ற ஆக்கம் இருந்தாலும், அரபு மொழியின் ‘கஹ்வா’ வழியாக உலகெங்கும் பரவிய பெயரைத் தமிழ் ‘காப்பி’ என்று தனதாக்கிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

இனி ‘பெகேன்யோ’, சிறு. மூன்றில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் சொல் இதுதான். சச்சரவும் இதில்தான் அதிகம். பெருவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காப்பி பயிரிடுகின்றன; பெரும்பாலோர் நிலம் 5 ஹெக்டேருக்குள். ஆண்டிஸின் கிழக்குச் சரிவு அமேசான் காட்டில் இறங்கும் இடத்தை அவர்கள் ‘செஹா தே செல்வா’, காட்டின் புருவம், என்கிறார்கள். பூனோ வட்டாரத்தின் சாந்தியா பள்ளத்தாக்கில் உயர்மலையிலிருந்து இறங்கிவந்த அய்மாரா, கெச்சுவா குடும்பங்கள் அங்கே காப்பி வைத்தன. 1969-இன் நிலச் சீர்திருத்தம் பெரும்பண்ணைகளை உடைத்தது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தாக்கின் சங்கங்கள் ‘செகோவாசா’ என்ற கூட்டமைப்பாக இணைந்தன.

பன்னாட்டு நியாய வணிக விதிப்படி காப்பிக்கான முத்திரை சிறு உழவர் சங்கங்களுக்கு மட்டுமே. 2011 முடிவில் அமெரிக்கக் கிளை தாய் அமைப்பை விட்டுப் பிரிந்து, பெருந்தோட்டக் காப்பிக்கும் முத்திரை தர முன்வந்தது. கொந்தளித்தவர்கள் லத்தீன் அமெரிக்கச் சங்கத்தார். நிலவரி முதல் வங்கிக் கடன் வரை எல்லாவற்றிலும் தங்களை முந்தி நிற்கும் பெருந்தோட்டங்களோடு ஒரே முத்திரையின்கீழ் போட்டியிடச் சொல்வது எந்த வகை நியாயம் என்பது அவர்கள் கேள்வி. எனக்கும் அதற்கு மறுமொழி தெரியவில்லை. 2006-இலேயே அவர்கள் தங்களுக்கென்று ஒரு முத்திரையை அறிவித்திருந்தார்கள். அதன் பெயரில் ஹுஸ்தோ இல்லை; ‘சிறு உற்பத்தியாளர் சின்னம்’ என்பதே பெயர். இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய அங்கக விதி, ஒரு சான்றுக் குழுவில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. சிறியவர்கள் ஒன்றுகூடிப் பெரிதான சங்கங்கள் அதற்காகத் தங்களைத் துண்டு துண்டாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இதற்குத் தமிழில் ‘சிறு உழவர்’ போதும். ‘சிறு உற்பத்தியாளர்’ என்றால் பட்டறைக்காரரும் அதில் அடங்குவார். காப்பியைப் பற்றி எழுதும்போது இந்த அடைமொழியை விட்டுவிடக் கூடாது. அதே நேரத்தில், எக்வடார் வாழைப்பழத்திலோ நீலகிரித் தேயிலையிலோ நியாய வணிக முத்திரையைக் கண்டால் இதை அப்படியே ஒட்டவும் கூடாது. அந்தப் பயிர்களில் கூலித் தொழிலாளர்கள் வேலை செய்யும் பெருந்தோட்டங்களுக்கும் பன்னாட்டு அமைப்பு முத்திரை தருகிறது. அங்கே பொதுநலத் தொகையைச் செலவிடும் முடிவு தொழிலாளர் குழுவின் கையில் இருக்கிறது.