சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த கரண்ட் சார் வரும்?

சோலார் யூனிட் மூணு ரூபாய்க்குள்ள கெடைக்குதே, அப்புறம் எதுக்கு சார் தூத்துக்குடி பக்கம் உடன்குடில கரி பிளாண்ட் கட்டுறாங்கன்னு டீக்கடைல ஒரு தம்பி கேட்டாப்ல. மின்வாரியத்துல பிளானிங் செக்‌ஷன்ல இருவது வருசம் குப்பை கொட்டினவன் நான், சும்மா விடுவேனா, அவன் டீ ஆறுற வரைக்கும் பேசிட்டேன்.

யூனிட் என்ன விலைன்னு கேட்டா மட்டும் பத்தாது தம்பி, எத்தன மணிக்கு வரும்னு கேக்கணும். ஆடிக் காத்துல முப்பந்தல் பக்கம் காத்தாலை சுத்தோ சுத்துன்னு சுத்தும், ஆனா ஏப்ரல்ல இலை கூட அசையாது, ஏசியெல்லாம் ஓடுறதோ அப்பத்தான். 2024 மே 2ம் தேதி தமிழ்நாட்டோட கரண்ட் தேவை (லோடு) 20,830 மெகாவாட் போச்சு. பொழுது சாஞ்சா சோலார் ஜீரோ, ஏசிய யாரு ஆஃப் பண்றா?

அதான் கரி. ஆனா கரி சும்மா வருதா, பிளாண்ட்ல ஒரு 660 மெகாவாட் மெஷின் முழு லோடுல ஒரு நாள் ஓடுனா நம்ம நாட்டுக் கரி 11,000 டன் கிட்ட திங்கும், கிட்டத்தட்ட மூணு ரேக், அதாவது மூணு கூட்ஸ் ரயில். ஒடிசா தால்சேர்ல வெட்டி, பாரதீப்ல கப்பல்ல ஏத்தி, எண்ணூர்லயோ தூத்துக்குடிலயோ எறக்கி, மேட்டூருக்குன்னா திரும்ப ரயில்ல ஏத்தணும். உடன்குடி கடலோரமா இருக்கறதுக்கு காரணம் இதான். வெளிநாட்டுக் கரி வாங்குனா 2022ல உக்ரைன் சண்டை வந்தப்ப மாதிரி விலை எகிறும்.

அணு உலைல எரிபொருள் செலவு கம்மிதான், ஆனா கூடங்குளம் 2002ல வேலை ஆரம்பிச்சு 2013ல தான் மொத யூனிட் கிரிடுக்கு வந்துச்சு.

எனக்கு பயம் எதுலன்னா ஒப்பந்தத்துல. தொண்ணூறுகள்ல ஆயில், நாப்தா (அதுவும் பெட்ரோலியத்துல இருந்து வர்றதுதான்) இதுல ஓடுற பிளாண்டோட வருசக்கணக்குல கையெழுத்து போட்டாங்க, ஆயில் விலை ஏறுச்சு, ஓடாம நின்னாலும் பிளாண்ட் கட்டுன செலவுக்கான ஃபிக்ஸட் காஸ்ட் குடுத்தே ஆகணும். பில்லு உங்க தலையிலதான்.

இப்ப நான் பாக்குறது தண்ணிய. கோயம்புத்தூர் மாவட்டம் கடம்பாறைல 400 மெகாவாட், மலைமேல தண்ணிய பம்ப் பண்ணி வச்சிட்டு தேவப்படும்போது எறக்கி கரண்ட் எடுக்குறோம். ஏத்த நாலு யூனிட் செலவானா மூணு யூனிட் திரும்பும், மத்தியான சோலார ஏழு மணிக்கு தள்ளிப்போட அது நஷ்டமே இல்ல. நீலகிரி குந்தாவுலயும் 500 மெகாவாட்டுக்கு இதே வேல. பேட்டரி விலையும் எறங்கிட்டே வருது.

"அப்ப கரி வேணாமா சார்?"

கட்டுனத ஓட்டித்தான் ஆகணும்பா. புதுசா இன்னொன்னுக்கு ஃபைல் வந்தா, சோலாரோட பேட்டரி சேத்து ஏழு மணி ரேட் என்னன்னு கேட்டுட்டு வாங்கன்னு எழுதி திருப்பி அனுப்பிடுவேன்.