"திடீர்னு குறுக்க வந்துட்டாங்க": நடந்து போறவங்க கேஸை காலி பண்ற ஒரே வரி

ரோடு விபத்து நஷ்ட ஈடு கேஸ் நடத்துறதுதான் என் வேலை, அதுலயும் நடந்து போகும்போது அடிபட்டவங்க கேஸ்தான் எங்கிட்ட அதிகமா வரும். ஃபைலைத் திறந்தா பத்துக்கு ஏழெட்டுல முதல் பக்கத்துலயே இந்த வரி இருக்கும், "திடீர்னு குறுக்க வந்துட்டாங்க". யார் சொன்னதுன்னு பார்த்தா வண்டி ஓட்டினவர் சொன்னதா இருக்கும். அடிபட்டவர் அந்த நேரம் மயக்கத்துல இருப்பார், இல்ல ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பார், அவர் பக்கத்துக் கதையைச் சொல்ல அங்க ஆளே இருந்திருக்க மாட்டாங்க.

ஒரு கேஸ் சொல்றேன். 70 வயசு அம்மா, ரோட்டைக் கடக்கும்போது மூணாவது லேன்ல கார் அடிச்சிருச்சு, இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. ரிப்போர்ட்ல "திடீரென ஓடி வந்தார்"னு எழுதியிருந்துச்சு. பொண்ணு என் முன்னாடி உட்கார்ந்து அந்த பேப்பரையே திரும்பத் திரும்ப படிச்சிட்டு, "சார், அம்மா குச்சி ஊன்றித்தான் சார் நடப்பாங்க, எப்படி சார் ஓடியிருப்பாங்க"ன்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணும்போது அம்மாகிட்ட இருந்த பொருளையெல்லாம் லிஸ்ட் எடுத்திருந்தாங்க, அதுல "கைத்தடி 1"னு ஒரு வரி. ஓடி வந்தாங்கங்கிற கதை அங்கயே ஆட்டம் கண்டுருச்சு.

அப்புறம் நாங்க டேப் எடுத்துட்டு ஸ்பாட்டுக்குப் போனோம். ஒரு லேன் மூணரை மீட்டர், ரெண்டு லேனைக் கடந்து மூணாவதுல அடி, அப்போ குறைஞ்சது 7 மீட்டர் நடந்திருக்காங்க. குச்சி ஊன்றி நடக்கிறவங்களுக்கு அந்த தூரத்துக்கு ஒரு 8 செகண்ட் ஆகும். டிரைவரே 50 கிலோமீட்டர் ஸ்பீடுனு வாக்குமூலம் குடுத்திருக்கார், 50ல போற வண்டி செகண்டுக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும், அப்போ அம்மா ரோட்டுல முதல் அடி வெச்சப்போ கார் 110 மீட்டர் தள்ளி இருந்திருக்கு. காய்ஞ்ச ரோட்டுல 50ல வர்ற வண்டி நிக்கிறதுக்கு, பார்த்து பிரேக்ல கால் வைக்கிற ஒரு செகண்டையும் சேர்த்தாலும், 30 மீட்டருக்குள்ள போதும். மிச்சம் இருந்த 80 மீட்டர் அவர் எங்க பார்த்துட்டு வந்தார்? இதை ஒரு வெள்ளைப் பேப்பர்ல படமா வரைஞ்சு குடுத்தோம், கேஸ் திரும்பினது அங்கதான். எட்டு செகண்ட் கண்ணு முன்னாடி நடந்துட்டு இருந்தவங்கள "திடீர்னு"ன்னு எழுதுறது எந்த விதத்துலயும் நியாயமில்ல.

ஸ்பீடு பத்தி இன்னொண்ணும் சொல்லணும். 30ல வர்ற வண்டி டிரைவர் பார்த்ததுல இருந்து 13, 14 மீட்டர்ல முழுசா நின்னுரும், ஆனா அதே இடத்துல 50ல வர்ற வண்டிக்கு அப்போதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும், அதாவது முழு வேகத்தோட அடிக்கும். அடியோட சக்தி 30ல அடிக்கிறதை விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக மாநாட்டுல, ஜனங்களும் வண்டியும் கலந்து போற இடங்கள்ல 30 தான் உச்சபட்ச வேகமா இருக்கணும்னு அறிவிச்சது இதனாலதான். உலகத்துல ரோடு விபத்துல சாகிறவங்கள்ல ஐஞ்சுல ஒருத்தர் நடந்து போனவங்கதான், ரோடு போடும்போது கடைசியா நினைக்கிறதும் அவங்களைத்தான்.

இந்த சண்டை புதுசும் இல்ல. 1896 ஆகஸ்ட்ல லண்டன்ல பிரிட்ஜெட் டிரிஸ்கால்ங்கிற ஒரு அம்மா கார் மோதி இறந்தாங்க, பிரிட்டன்ல கார் அடிச்சு இறந்த முதல் பாதசாரி அவங்கதான்னு சொல்லுவாங்க. டிரைவர் மெதுவாத்தான் வந்தேன், மணி அடிச்சேன், கத்தினேன்னு சொன்னார், பார்த்தவங்க வேகமா வந்துச்சுன்னு சொன்னாங்க, கடைசியில விபத்து மரணம்னு முடிச்சுட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நான் கோர்ட்ல கேக்குறது அதே வார்த்தைகளைத்தான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு நெறைய பேருக்கு தெரியல. 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்துலயே இருக்கு, வண்டிக்கு பச்சை விழுந்தாலும் ஏற்கனவே ஜீப்ராவுல கால் வெச்சுட்டவங்க கடந்து முடிக்கிற வரைக்கும் டிரைவர் தடுக்கக்கூடாது. பச்சை விழுந்துருச்சுங்கிறது அடிக்கிறதுக்கு அனுமதி இல்ல. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா சிக்னல் டைமிங் பல இடத்துல செகண்டுக்கு 1.2 மீட்டர் நடக்கிற ஆளை வெச்சுத்தான் போடுவாங்க, 14 மீட்டர் ரோடுன்னா 12 செகண்ட், ஆனா வயசானவங்க, கர்ப்பிணி, குழந்தையைத் தூக்கிட்டு போறவங்க அந்த வேகத்துல நடக்க முடியாது, நடு ரோட்டுல சிவப்பு வந்துரும். அது அவங்க தப்பு இல்லங்க, அவங்க நடையைக் கணக்குல எடுக்காம நேரம் வெச்சது.

சரி, நடந்து போறவர் மேலயும் கொஞ்சம் தப்பு இருந்தா? அப்போ எல்லாம் போச்சுன்னு நினைச்சு கிளைமே போடாம விட்டவங்களை நான் பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். நெறைய நாடுகள்ல தப்பு எத்தனை சதவீதமோ அந்த அளவுக்குத்தான் நஷ்ட ஈடு குறையும். ஃபிரான்ஸ்ல 1985ல கொண்டு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேல, 16 வயசுக்கு கீழயும் 70 வயசுக்கு மேலயும் உள்ளவங்க காயத்துக்கு, அவங்க வேணும்னே செஞ்சாங்கன்னு நிரூபிச்சால் ஒழிய நஷ்ட ஈடு குடுத்தே ஆகணும். பிரிட்டன்ல 2022 ஜனவரியில நெடுஞ்சாலை விதிகளை மாத்தி, அதிக ஆபத்து உண்டாக்கக்கூடியவங்களுக்குத்தான் அதிகப் பொறுப்புன்னு எழுதினாங்க. ஆனா அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல கொஞ்சூண்டு தப்பு இருந்தாலும் ஒண்ணுமே கிடைக்காதுங்கிற பழைய விதி இன்னும் இருக்கு, அதனால உங்க ஊர் சட்டத்தை ஒரு வக்கீல்கிட்ட கேட்காம நீங்களா முடிவு பண்ணி விட்றாதீங்க, ப்ளீஸ்.

ரோட்டுல உங்க உயிரைக் காப்பாத்துற ஒரு விஷயம், இது கேஸ்ல அடிக்கடி பார்க்கிறது. ரெண்டு மூணு லேன் இருக்கிற ரோட்டுல பக்கத்து வண்டி உங்களுக்காக நிக்கும், நல்ல மனசோட கை காட்டும், நீங்களும் வேகமா போவீங்க, அடுத்த லேன்ல வர்றவருக்கு அந்த நின்ன வண்டி மறைச்சு நீங்க தெரியவே மாட்டீங்க. அதனால நின்ன வண்டியோட முன் ஓரத்துல ஒரு தடவை நில்லுங்க, தலையை நீட்டிப் பாருங்க, அப்புறம் அடுத்த அடி வைங்க. ஜீப்ராவுல நடக்கிறவங்களுக்காக நின்ன வண்டியை முந்திப் போறது பெரும்பாலான நாட்டுல குற்றம்தான், ஆனா உயிர் போனப்புறம் சட்டம் நம்ம பக்கம் இருந்து என்ன பிரயோஜனம்.

அடிபட்டுருச்சுன்னா குடும்பத்துல ஒருத்தர் முதல் ரெண்டு நாள்லயே கிளம்பணும். சிசிடிவி ஃபுட்டேஜ் சில நாள்ல தானா அழிஞ்சு அதுமேலயே புதுசு பதிவாயிரும், அந்த அம்மா கேஸ்லயே நாங்க போய் கேக்கும்போது அழிஞ்சு போச்சு. எழுத்துல லெட்டர் குடுத்து சேவ் பண்ணி வைக்கச் சொல்லுங்க. துணியையும் செருப்பையும் துவைக்காம தனித்தனி பேப்பர் பையில வைங்க, செருப்பு அடியில இருக்கிற உராய்வுத் தடமே எந்தப் பக்கம் தள்ளுச்சுன்னு காட்டும். ஆஸ்பத்திரியில கொண்டு போய் சேர்த்தது டிரைவரா இருந்தா, எப்படி நடந்துச்சுன்னு டாக்டர் எழுதுறது அவர் சொன்னதாத்தான் இருக்கும், அதனால பேஷண்ட் பேச ஆரம்பிச்சதும் அவங்க வாயால சொன்னதையும் ரெக்கார்டுல சேர்க்கச் சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல இருந்து வந்து உடனே குடுக்கிறோம், இங்க ஒரு கையெழுத்து போடுங்கன்னு சொன்னா அன்னைக்கே போட வேண்டாம், ஒரு நாள் டைம் கேளுங்க, அந்த பேப்பர்ல "திடீர்"னு ஒரு வார்த்தை இருக்கான்னு முதல்ல தேடுங்க.